மிச்சம் நிற்காத தொட்டி

குடிநீர் நிலைய ஓய்வுபெற்றோர் சங்கத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். சங்கம் மலர் ஒன்று போடுகிறதாம். மூத்த உறுப்பினர்களைப் பற்றி அவரவர் குடும்பத்தாரே ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "உங்கப்பாவப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்கம்மா" என்றார். நாலு கெட்ட வார்த்தை என்றால் அவர் டீ குடித்து முடிப்பதற்குள் எழுதிக் கொடுத்திருப்பேன். நல்ல வார்த்தை என்றதால் அவகாசம் கேட்டேன். உட்கார்ந்து யோசித்ததில், நடந்ததை நடந்தபடி எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. மலரில் போட மாட்டார்கள். போடாவிட்டால் போகட்டும்.

என் அப்பா குடிநீர் நிலையத்தில் குளோரின் பிரிவில் இருந்தவர். ஆற்றுத் தண்ணீர் பல தொட்டிகளில் தெளிந்து, மணலில் வடிந்து, கடைசியாக அவர் அறைக்கு வரும். அங்கே குளோரின் கலந்த பிறகுதான் ஊருக்குள் போகும். அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் சின்னக் கண்ணாடிக் குழாய்கள் உண்டு. தண்ணீரைப் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட வேண்டும். குளோரின் இருந்தால் மஞ்சளாகும், இல்லாவிட்டால் நிறம் மாறாது. நிலையத்தில் போட்ட குளோரின், வழியிலுள்ள கிருமியையெல்லாம் தீர்த்துக் கட்டிய பிறகும், கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் கொஞ்சம் மீதி இருக்க வேண்டும். அதைத்தான் அவர்கள் 'மிச்சம்' என்பார்கள். மிச்சம் இருந்தால் அது நல்ல தண்ணீர். இல்லையென்றால் இன்னும் போட வேண்டும். அவருடைய படிப்பு, பக்தி, தத்துவம் எல்லாமே இவ்வளவுதான்.

அதை அவர் நிலையத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் எங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. வீட்டையும் ஊர்க் குழாயின் இன்னொரு கிளை என்றே நினைத்தார். குடிக்கிற தண்ணீரில் பிளீச்சிங் பவுடர், தரை துடைக்கிற தண்ணீரில் பிளீச்சிங் பவுடர், என் சீப்பு ஊறுகிற மக்கில் பிளீச்சிங் பவுடர். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள். எனக்கு அங்கே 'பிளீச்சிங்' என்றே பெயர். ஒருநாள் டீச்சரே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டார். அழுதுகொண்டே வந்து சொன்னபோது அப்பா சிரித்தார். "நல்ல பேருதானே? சுத்தமா இருக்கேன்னு அர்த்தம்" என்றார். அந்தச் சிரிப்புக்காக அவரை நான் இன்று வரை மன்னிக்கவில்லை.

அம்மாவின் உள்ளங்கைகள் எப்போதும் வெடித்தே இருக்கும். பாத்திரம், துணி, தரை என்று எல்லாம் அந்த வெள்ளைத் தண்ணீரில்தான். யார் வீட்டிலும் நாங்கள் கை நனைக்கக் கூடாது. பக்கத்து வீட்டில் ஆசையாக ஒரு துண்டு எதையாவது கையில் கொடுத்துவிட்டால், வாசலிலேயே வாய் கொப்புளிக்க வைத்துத்தான் அப்பா உள்ளே விடுவார். இத்தனைக்கும் அவருக்கு வாசனையே தெரியாது. ஒருமுறை நிலையத்தில் குளோரின் சிலிண்டர் கசிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்ததிலிருந்து மோப்பம் போய்விட்டது. நாங்கள் நாறுவது மற்ற எல்லோருக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது. ருசியும் பாதி போயிருக்க வேண்டும். புளிப்பு மட்டும் பிடிபடும். அதனால் தயிர் என்றால் உயிர். சாப்பாட்டு முடிவில் ஒரு கிண்ணம் தயிர் இல்லாவிட்டால் எழுந்திருக்க மாட்டார்.

நியாயமாகச் சொல்ல ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கடைசித் தெருவில் பலருக்கு வாந்தி பேதி வந்தது. விசாரணை வைத்தார்கள். குழாய் எங்கேயோ உடைந்து சாக்கடை கலந்திருக்கிறது, நிலையத்தில் தவறில்லை என்று முடிவானது. ஆனால் அதற்கு முன்பே ஒரு பெண் நிலையத்து வாசலுக்கு வந்து, கையிலிருந்த குடத்தை அப்பாவின் மேல் வீசியிருந்தாள். நெற்றியில் அந்தத் தழும்பு இருக்கிறது. அதன் பிறகு ஓய்வு பெறும் வரை, தினமும் வேலை முடிந்ததும் கண்ணாடிக் குழாய்ப் பெட்டியோடு கடைசித் தெரு வரை நடந்து போய்ச் சோதித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அவருடைய கடமை இல்லை அது, யாரும் சொல்லவுமில்லை. இதைக் கேட்கிறவர்கள் கண்கலங்குகிறார்கள். அவர்கள் யாரும் எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடித்தவர்கள் இல்லை.

அம்மா போன பிறகு அப்பா அண்ணன் வீட்டில் இருந்தார். ஒருநாள் அண்ணன் ஒரு பையும் அந்தக் கண்ணாடிக் குழாய் மரப்பெட்டியும் அப்பாவுமாக என் வாசலில் வந்து நின்றான். "கொஞ்ச நாள் உங்கூட இருக்கட்டும்மா. அவருக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்றான். அண்ணி வண்டியை விட்டே இறங்கவில்லை. அவர்கள் ஏன் இப்படிக் கை கழுவுகிறார்கள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரர் சரக்கு வேன் ஓட்டுகிறவர், எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். "மாமா வந்தா என்ன, அவருக்கு ஒரு கட்டில்தானே வேணும்" என்றார்.

நான் தண்ணீரில் செடி வளர்க்கிறேன். வளர்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஐஸ் பாக்டரிக்குப் பின்னால் ஒரு கொட்டகை. வரிசை வரிசையாக வெள்ளைப் பைப்புகள், பைப்பில் ஓட்டைகள், ஓட்டைக்கு ஒரு சின்னக் கூடை, கூடைக்கு ஒரு செடி. மண் கிடையாது. உரம் கரைத்த தண்ணீர் மூலையிலுள்ள தொட்டியிலிருந்து கிளம்பி, எல்லா வேரையும் நனைத்துவிட்டுத் தொட்டிக்கே திரும்பும். சாலட்டுக்குப் பச்சையாகப் போடுகிற கீரை வகைகள். சூப்பர் மார்க்கெட் ஒன்று மொத்தமாக எடுத்துக்கொண்டிருந்தது.

இந்தத் தொழிலில் எமன் வேரழுகல்தான். எல்லா வேருக்கும் ஒரே தண்ணீர் என்பதால் ஒரு செடிக்கு வந்தால் கொட்டகைக்கே வந்த மாதிரி. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகி, கொழகொழத்து, தொட்டால் உருவிக்கொண்டு வரும். இதற்கு இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, தண்ணீரில் எதுவுமே உயிரோடு இருக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்கள். இன்னொரு கட்சி, நல்ல பாக்டீரியாவைக் கொண்டுவந்து வேரில் குடிவைப்பார்கள். அது இடத்தைப் பிடித்துக்கொண்டால் கெட்டதுக்கு உட்கார இடம் கிடைக்காது. நான் இரண்டாம் கட்சி. நான் யாருடைய வீட்டில் வளர்ந்தவள் என்று தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல பாக்டீரியாவுக்குத் தீனி மொலாசஸ். கரும்பாலையில் சர்க்கரை எடுத்தது போக நிற்கிற கறுப்புப் பாகு. மாட்டுத் தீவனக் கடையில் கேனில் தருவார்கள். ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் மொலாசஸ் கரைத்து, பாக்டீரியாத் தூளைப் போட்டு, மீன் தொட்டிக்கு வைக்கிற காற்று மோட்டாரை உள்ளே விட்டால் மறுநாள் வாளி நுரைத்துக்கொண்டு நிற்கும். அதைத் தொட்டியில் ஊற்ற வேண்டும். தொட்டியிலும் அவ்வப்போது ஒரு கரண்டி மொலாசஸ். ஆனால் கை தாராளமாகிவிடக் கூடாது. தீனி அதிகமானால் எல்லாம் கண்டபடி பெருகி, தண்ணீரிலுள்ள காற்றையெல்லாம் தின்றுவிடும். வேர் மூச்சுவிட முடியாமல் செத்துப்போகும்.

அப்பா வந்த சமயம் எனக்கு ஏற்கெனவே இரண்டு சாகுபடி கெட்டுப்போயிருந்தது. கோடையில் தண்ணீர் சூடேறி வந்த அழுகல். சூப்பர் மார்க்கெட் மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் சரக்கு வரலன்னா நான் வேற ஆள பாத்துக்கறேன். தப்பா நினைக்காதீங்க." ஐஸ் பாக்டரிக்காரர் அதைவிட வெளிப்படை. அவருக்குக் கொட்டகை கிடங்குக்கு வேண்டும். "ஓடுற வரைக்கும் ஓட்டு, நின்னா என்கிட்ட குடுத்துடு" என்று போகும்போதும் வரும்போதும் சொல்வார். ஆக, இந்தச் சாகுபடி தேறினால் கொட்டகை எனக்கு. விழுந்தால் போச்சு. இது அப்பாவுக்கும் தெரியும். சாப்பிடும்போது நாங்கள் வேறு எதையும் பேசியதில்லை.

கொட்டகைக்கு வந்த முதல் நாளே சண்டை. வாசலில் ஒரு திறந்த டிரம்மில் குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன்.

"இது எதுக்கு திறந்து கிடக்கு?" என்றார்.

"ஒருநாள் அப்படியே விட்டா குளோரின் போயிடும். அப்புறம்தான் தொட்டிக்கு எடுப்பேன்."

முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "போயிடுமா? அங்க ஒருத்தன் பாத்துப் பாத்துப் போட்டு அனுப்புறான். நீ இங்க உக்காந்து அத வெளிய விடுறியா?"

"இது செடிக்குப்பா. குடிக்க இல்ல."

"செடிய யாரு தின்னுவா? மனுஷன்தானே?"

வாளியில் நுரைப்பது என்ன என்று கேட்டார். சொன்னேன். "கிருமிய கடையில போய் வாங்கிட்டு வந்து, அதுக்கு இனிப்பு வேற ஊட்டுறியா?" என்று சொல்லிச் சிரித்தார். அதே பழைய சிரிப்பு. "தெரியாத விஷயத்துல மூக்க நுழைக்காதீங்க, அதுதான் எப்பவோ போயிடுச்சே" என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு வேனுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு அப்பா வாயைத் திறக்கவில்லை. தினமும் என்னோடு கொட்டகைக்கு வருவார், தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். நான் மறுகோடியில் நாற்று நட்டுக்கொண்டிருப்பேன். மத்தியானம் நான் வெளியே போனால் காவலுக்கும் ஆளாயிற்று. மனிதர் ஒருவழியாக அடங்கிவிட்டார் என்று நிம்மதியாக இருந்தேன்.

வேர்தான் அடங்கவில்லை. நட்டுக் கொஞ்ச நாளிலேயே நுனி பழுப்பானது. பாக்டீரியா பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு வாளி தயார் செய்து ஊற்றினேன். நிறம் மாறவில்லை. தீனி போதவில்லையோ என்று மொலாசஸைக் கூட்டினேன். தண்ணீரில் காரத்தன்மை ஏறிக்கொண்டே போனது, குழாய்த் தண்ணீரைத் திட்டினேன். தூள் மட்டமோ என்று கடையை மாற்றினேன். தொட்டியில் ஒரு மாதிரி நுரை கட்டியது. வாசனை வேறு மாதிரி இருந்தாலும் அங்கே எதையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஐஸ் பாக்டரியின் அமோனியா நெடிதான் எந்நேரமும் அந்தப் பக்கம் முழுக்க. மூக்கு இருந்தும் எனக்கும் என் அப்பாவுக்கும் வித்தியாசமில்லாமல் போனது.

ஒரு மத்தியானம் மொலாசஸ் வாங்கக் கிளம்பினவள், காலிக் கேனை மறந்துவிட்டுப் பாதியில் திரும்பினேன். அப்பா தொட்டிக்கு மேல் குனிந்திருந்தார். ஸ்டூலில் மரப்பெட்டி திறந்திருந்தது. இரண்டு கண்ணாடிக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்தார், அதிலிருந்த பிளீச்சிங் பவுடரை மக்கில் கொட்டினார், கலக்கினார், ஒரு கட்டியும் இல்லாமல் நன்றாகக் கலக்கினார், தொட்டியில் ஊற்றினார். செய்து பழகிய கை. அவ்வளவையும் நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பண்றீங்க?"

திரும்பினார். பிடிபட்ட முகமே இல்லை. நான் வந்தது நல்லதாயிற்று என்பது போல இருந்தார்.

"மிச்சம் நிக்கவே மாட்டேங்குது" என்றார். "நானும் தினமும் கூட்டிக் கூட்டிப் போடறேன். காலைல போட்டுட்டு மத்தியானம் பாத்தா ஒண்ணுமே இல்ல. இந்த மாதிரி தண்ணிய என் சர்வீஸ்லயே பாத்ததில்ல."

"தினமுமா?"

"தண்ணியே கொஞ்சம் பழுப்பா இருக்குல்ல, அதனால மருந்து விட்டது ஒண்ணு, விடாதது ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல வச்சுத்தான் பாக்குறேன். நான் ஒண்ணும் குத்துமதிப்பா பண்ணல."

அந்த இடத்தில்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அவர் போட்ட குளோரின் என் பாக்டீரியாவைக் கொன்றது. என் மொலாசஸ் அவருடைய குளோரினைத் தின்றது. மிச்சம் இல்லையே என்று அவர் இன்னும் ஊற்றினார். வேர் வெளுக்கவில்லையே என்று நான் இன்னும் ஊற்றினேன். சாப்பிட ஆளில்லாத அத்தனை தீனியையும், பைப்பின் மூலையில் ஒளிந்திருந்த அழுகல் கிருமி உட்கார்ந்து விருந்து சாப்பிட்டது. அப்பனும் மகளும் ஒரே தொட்டியில் ஏட்டிக்குப் போட்டியாக ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். இரண்டு பேருமே அவரவர் தொழிலில் துளி பிசகவில்லை.

"அது அழுக்கு இல்ல! நான் ஊத்துற மொலாசஸ் உங்க பவுடர தின்னுது! நீங்க போடப் போட அது தின்னுக்கிட்டேதான் இருக்கும்!"

கொஞ்சம் யோசித்தார். கணக்கு அவருக்குப் பிடித்துப்போனது, முகத்திலேயே தெரிந்தது. "அப்ப அந்தப் பாக நிறுத்திடு. நின்னுடும்" என்றார்.

"செடி செத்துக்கிட்டு இருக்குப்பா! இது போனா கொட்டகை போயிடும். உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். பச்சையா தின்னுறது. கழுவினாலும் கழுவுவாங்க, இல்லன்னாலும் இல்ல. நாளைக்கு எவனுக்காவது பேதி புடிச்சு, ஒருத்தி குடத்த தூக்கிக்கிட்டு உன் வாசலுக்கு வந்தா நீ நிப்பியா?" நெற்றியைத் தொட்டுக்காட்டினார். "நான் நின்னேன்."

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தத் தழும்பைக் காட்டியே எங்கள் அம்மாவின் கையை வெந்துபோக வைத்தவர், இப்போது என் கொட்டகையையும் அதைக் காட்டியே விழுங்கப் பார்க்கிறார் என்றுதான் தோன்றியது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். எதுவும் அவரைத் தொடவில்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி நின்றார். கடைசியில் அம்மா என்னிடம் வாங்கிய சத்தியத்தை உடைத்தேன்.

"தினமும் தயிர் சாப்பிடறீங்களே, அதுல என்ன இருக்குன்னு நினைச்சீங்க? முழுக்க கிருமிதான். பால்ல உறை ஊத்தினா ராத்திரி முழுக்க அதுங்கதான் பெருகுது. நான் வாளியில பண்றதத்தான் அம்மா பாத்திரத்துல பண்ணாங்க."

"அது வீட்டுத் தயிரு" என்றார்.

"வீட்டுத் தயிரா? நீங்க கழுவிக் கழுவி வச்ச பாத்திரத்துல நம்ம வீட்ல ஒரு தடவையாவது தயிர் ஒழுங்கா உறைஞ்சிருக்கா? எதிர் வீட்ல இருந்து உறை வாங்கிட்டு வருவேன். நான்தான். கொல்லப் பக்கமா கிண்ணத்த மறைச்சு எடுத்துட்டு வருவேன். நீங்க வாழ்க்கை முழுக்க ருசிச்சு தின்ன தயிர் எதிர் வீட்டு எச்சில் கரண்டி பட்ட உறைல வந்தது. இப்ப என் வீட்ல தின்னுறதும் அதே உறையோட வாரிசுதான். அம்மா போன அன்னிக்கி நான் எடுத்துட்டு வந்தது அது ஒண்ணுதான்."

எச்சில் கரண்டி என்பது நான் கூட்டிச் சேர்த்தது. ஆனால் அதுதான் வேலை செய்தது. மனிதர் வெளுத்துப்போனார். குழாய்களைக் கழுவினார், துடைத்தார், பெட்டியில் அடுக்கினார். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அன்றிலிருந்து தயிரைத் தொடவில்லை. கிண்ணத்தை வைத்தால் ஒரு விரலால் தள்ளிவிடுவார்.

அன்று மாலையே அண்ணனுக்குப் போன் செய்து கத்தினேன். அவன், "உங்கண்ணியோட மீன் தொட்டியிலயும் இதேதான் பண்ணாரு. ஒரே ஒரு சிட்டிகைன்னாரு. மொத்த மீனும் மிதந்துடுச்சு" என்றான்.

"ஏண்ணே என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ வச்சிருப்பியா?"

போனை வைத்துவிட்டேன். அவனோடு இன்று வரை பேசுவதில்லை. அண்ணி வண்டியை விட்டு இறங்காத காரணமும் விளங்கியது.

தொட்டியைக் காலி செய்து, புதுத் தண்ணீர் நிரப்பி, புதிதாகப் பாக்டீரியா ஊற்றிப் பார்த்தேன். காலம் கடந்துவிட்டது. செடியைத் தூக்கினால் இலை கையோடு வந்தது, வேர் கூடையோடு நின்றது. கொட்டகை முழுக்க அழுகின முட்டை நாற்றம். அமோனியாவையே அமுக்கிவிட்ட நாற்றம் அது. மேனேஜர் வந்து வாசலிலேயே நின்று, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, "பரவால்லங்க" என்றார். அந்தப் 'பரவால்ல'வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஐஸ் பாக்டரிக்காரர் மறுநாள் வந்தார். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை. கொட்டகையை நாற்றமில்லாமல், கிருமியில்லாமல் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும், சாப்பாட்டுச் சாமான் வைக்கிற இடம் என்றார்.

என் வீட்டுக்காரர் மட்டும், தன் வழக்கப்படி, "இந்த ஊர்ல கடைய ஊத்தி மூடுவாங்க. நம்ம வீட்ல மாமா ஊத்தினாரு, நாம மூடுறோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக அவர் மேலேயும் கோபம் வந்தது.

சுத்தம் செய்யப் போன அன்று அப்பா பெட்டியோடு எங்களுக்கு முன்பே வேனில் ஏறி உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. இறங்கு என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. சுத்தம் செய்ய ஆளும் வேண்டியிருந்தது. பைப்பைக் கழற்றுவது, அடைப்பை எடுப்பது, தேய்ப்பது என்று மனிதர் இருபது வயதுக்காரர் மாதிரி வேலை செய்தார். பவுடரை அளந்து கரைத்தார், எல்லாப் பைப்பிலும் ஓடவிட்டார். நான் வளர்த்த கொழகொழப்பெல்லாம் கறுப்பு நாராக வந்து சாக்கடையில் விழுந்தது. என் வாளியைக் கவிழ்த்துத் தேய்த்தபோது மட்டும் நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

திரும்பி வந்தபோது கடைசிப் பைப்பின் கடைசி ஓட்டைக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். பளிச்சென்ற மஞ்சள். அவர் முகம் மலர்ந்ததை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். கல்யாண வீட்டில்கூட அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"பாரு! கடைசி வரைக்கும் மிச்சம் நிக்குது!" என்று என்னிடம் நீட்டினார். தன் மகள் எதற்காக இந்தக் கொட்டகையைக் காலி செய்கிறாள் என்பது அந்த நிமிடம் அவர் நினைவிலேயே இல்லை. வேண்டுமென்று செய்திருந்தால் அடித்திருப்பேன். அவருக்குச் சந்தோஷம், அவ்வளவுதான். அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. குழாயை வாங்கி, மஞ்சள் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு, திருப்பிக் கொடுத்தேன்.

"நல்லா கழுவி வைங்க" என்றேன்.

"கழுவாம?" என்றார்.

சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். என் கையெல்லாம் அந்த வாசனை. சிறு வயதில் எந்த வாசனைக்காக அழுதேனோ அதே வாசனை, கழுவக் கழுவ ஏறியது. என் வீட்டுக்காரர் பேச்சை எங்கெங்கோ கொண்டுபோகப் பார்த்தார். நாளை முதல் நான் என்ன வேலைக்குப் போவது என்று யாரும் கேட்கவில்லை. அப்பா நன்றாகச் சாப்பிட்டார். உழைத்த பசி. தட்டை வழித்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தவர், எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தார். விரலால் தட்டில் கோடு போட்டார். அடுப்படிப் பக்கம் பார்த்தார். தண்ணீர் குடித்தார்.

பிறகு, என்னைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டார்: "தயிரு... மிச்சம் இருக்கா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிரிட்ஜில் அரைக் கிண்ணம் தயிர் இருந்தது. அதற்குப் பக்கத்தில், அப்பா டப்பாவைத் திறப்பதற்கு முன்பே நான் எடுத்து வைத்திருந்த ஒரு பாட்டில் பாக்டீரியாத் தண்ணீரும் இருந்தது. இரண்டையும் அவர் தொடாதபடி மேல்தட்டில், காய்கறிக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன்.

"இருக்கு" என்றேன். "அது உறைக்கு. உங்களுக்கு இல்ல."